மரபணுவும் மரபும்

கொல்லயில் என்னும் ஊரின் பெயரை உங்களிற் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டீர்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பயணி ரயில், நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை அடையுமுன் தனுவச்சபுரம் என்ற சிறு நிலையத்தில் சற்றே நிற்கும். அதனைச் சுற்றித் தென்னையும் மரவள்ளியும் ரப்பருமாக விரிந்து கிடக்கும் கிராமமே கொல்லயில். நாம் பிறந்தது அங்கேதான். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆகவே நம் வீட்டில் பேச்சு தமிழ். பள்ளியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் எழுத்து மலையாளம். இரண்டுக்கும் நடுவே வளர்ந்த காரணத்தினாலோ என்னவோ, மொழிபெயர்ப்பே நமக்குப் பிழைப்பாயிற்று. கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்து, இருபது ஆண்டுகளாக வடக்கே வாழ்கிறோம்.

ஊரைவிட்டு வெளியேறிய தமிழர் எல்லாருமே ஒருவகையில் மொழிபெயர்ப்பாளர்கள்தாம் என்பது நமது எண்ணம். ஊரில் யாருக்கேனும் நோய் வந்தால், ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆங்கிலக் காகிதம் தொலைபேசி வழியே நம்மிடம் வந்து சேர்கிறது. “இதில் என்ன எழுதியிருக்கிறது? பயப்படும்படியாக ஏதேனும் உண்டா?” என்று கேட்கிறார்கள். நாமும் நமக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டு விடையளிக்கிறோம். அந்தச் சொற்கள் அங்கே போய் என்ன செய்கின்றன என்பதை நாம் எப்பொழுதும் அறிவதில்லை. அப்படி ஒரு சொல் செய்த வேலையை ஒட்டி, நுரையீரற் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுடைய ஆயுளுக்கும் அந்தப் புற்றில் காணப்படும் ஜீன் மாற்றங்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இன்று சிறிது பேசலாமென்று எண்ணுகிறோம்.

கொல்லயிலில் நம் அத்தை இருக்கிறார். தகப்பனாருடன் பிறந்தவர், அறுபது வயதைக் கடந்தவர். புகையிலையை வாயிலும் வைத்தறியாதவர். 2023ஆம் ஆண்டில் அவருக்கு விடாத இருமல் கண்டது. மழைக்காலத்து இருமலென்று முதலில் இருந்துவிட்டார்கள். பிறகு படம் எடுத்துப் பார்த்ததில் வலது நுரையீரலில் ஒரு கட்டி தெரிந்தது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இடது நுரையீரலுக்கு இரண்டு. அத்தையின் வலப்பக்கத்து மேல்மடல் முழுவதையும், அதனை அடுத்துள்ள நிணநீர் முடிச்சுகளையும் டாக்டர்கள் அகற்றினார்கள். ஒரு முடிச்சில் நோயின் சுவடு இருந்தது; எனவே இரண்டாம் நிலை என்றார்கள். தொடர்ந்து நான்கு தவணை மருந்து ஊசியாக ஏற்றப்பட்டது. அந்தச் சமயத்திலே, அகற்றிய கட்டியில் ஒரு துணுக்கை வெளியிலுள்ள ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிச் சோதித்த அறிக்கையும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மாமா அதைப் படம் பிடித்து நமக்கு அனுப்பினார். ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் ஜீனில், பத்தொன்பதாம் பகுதியில், சில எழுத்துகள் விடுபட்டுள்ளன என்பது அதன் சாரம். அலுவலகத்தில் அன்று வேலை மிகுதி. உணவு இடைவேளையில் நாலு வரி தமிழில் எழுதி அனுப்பினோம். “நோயாளிக்கு மரபணுத் திரிபு உள்ளது” என்பது அவற்றில் முதல் வரி. சொல்லுக்குச் சொல் பார்த்தால் பெரும்பிழை என்று சொல்ல முடியாது. நாம் அதனை மறந்தும் போனோம்.

ஆறு வாரங்கள் சென்றபின் அத்தை மகள் நம்மை அழைத்தாள். “அத்தான், நீங்க எழுதினதை அப்பா பெட்டியில வச்சுப் பூட்டியாச்சு. ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போகல்ல. ஊசி முடிஞ்ச பெறகு அம்மையை ஒருக்காக்கூடக் கூட்டிட்டுப் போகல்ல” என்றாள். காரணம் கேட்டோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. அவளுக்கு மார்த்தாண்டத்துப் பக்கம் ஓரிடத்தில் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். மாமா திண்ணையில் இருந்தார். கோபம் இல்லை, தளர்ச்சிதான் இருந்தது. “மரபு நோயிண்ணு நீதானே எழுதியிருக்கா மருமகனே? அந்தக் காயிதத்தைக் கொண்டுபோய் நாலு பேரு முன்னால நீட்டினா, இந்தப் பெண்ணுக்க கதி என்னாகும்?” என்றார். நாம் ‘மரபு நோய்’ என்று எழுதவில்லை. ‘மரபணுத் திரிபு’ என்றே எழுதியிருந்தோம். ஆனால் படிக்கிறவர் கண்ணில் முதலில் படுவது ‘மரபு’ என்ற மூன்றெழுத்துகள்தாமே! மரபு என்றால் வழிவழியாக வருவது; தாய் வழியோ தந்தை வழியோ இறங்குவது. மலையாளத்தில் இதனையே ஜனிதகமாற்றம் என்கிறார்கள். அதுவும் பிறப்பைக் குறிப்பதாகவே காதில் விழுகிறது. இரண்டு மொழியும் அறிந்த வீட்டில், இரண்டு மொழியும் ஒரே அச்சத்தை ஊட்டின. ஒரு குடும்பம் தன் மகளின் வாழ்வைக் காப்பதாக எண்ணித் தாயின் சிகிச்சையைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டது. அந்தப் பூட்டுக்குச் சாவி செய்து கொடுத்தவர்கள் நாமே.

ஆகவே அன்று மாமாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறோம்.

நம் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஒரு பெரிய ஏடு இருக்கிறது எனக் கொள்ளுங்கள். அந்த ஏட்டின் எழுத்துகள் நான்கே. அந்த நான்கும் மாறி மாறி ஏறத்தாழ 300 கோடி இடங்களில் வருகின்றன. ஏட்டின் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு ஜீன். உடலுக்கு வேண்டிய புரதங்களை எவ்வாறு செய்வது என்று கூறுகிற அத்தியாயங்கள் ஏறத்தாழ இருபதினாயிரம். ஓர் அணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் ஏடு முழுவதும் புதிதாகப் படி எடுக்கப்பட வேண்டும். பழைய நாளில் ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதியவர்கள் எத்தனை கவனமாக இருந்தாலும், எங்கோ ஓர் எழுத்தை விட்டுவிடுவார்கள்; எங்கோ ஒன்றை மாற்றி எழுதிவிடுவார்கள். உடலிலும் அப்படியே நிகழ்கிறது. பெரும்பாலான பிழைகள் திருத்தப்பட்டுவிடுகின்றன. திருத்தப்படாதவற்றிலும் பெரும்பாலானவை தீங்கற்றவை. மிகச் சிலவே அணுவைக் கட்டுமீறிப் பெருகச் செய்கின்றன.

அத்தையின் நுரையீரலில் நேர்ந்த பிழை இத்தகையதுதான். ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது அணுவின் வாயிலில் நிற்கும் காவலன் போன்றது. வெளியிலிருந்து ‘வளர்க’ என்ற செய்தி வந்தால் உள்ளே சொல்லுவது அவன் வேலை; செய்தி வராவிட்டால் வாய் திறக்கலாகாது. பத்தொன்பதாம் பகுதியில் வழக்கமாக விடுபடுவது பதினைந்து எழுத்துகள். ஏட்டின் மொழியில் மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல்; ஆகையால் பதினைந்து எழுத்து என்பது சரியாக ஐந்து சொற்கள். ஐந்து சொற்கள் போனபின்பும் வாக்கியம் இலக்கணம் கெடாமல் தொடர்ந்து போகிறது. அதுதான் ஆபத்து. வாக்கியம் முறிந்திருந்தால் காவலன் ஊமையாகியிருப்பான். முறியாமல் பொருள் மட்டும் மாறிவிட்டதால், எவரும் அழைக்காமலே ‘வளர்க, வளர்க’ என்று ஓயாமல் கூவுகிறான்.

இப்பிழை எங்கே இருக்கிறது என்பதே நாம் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி. அது கட்டியாக வளர்ந்த அணுக்களில் இருக்கிறது. அத்தையின் கையிலும் காலிலும் உள்ள அணுக்களில் இல்லை. மகள் கருவாக உருவான அணுவிலும் அது இருந்ததில்லை. பல படிகளுள் ஒரு படியின் ஒரு பக்கத்தில் விழுந்த பிழையால், பெட்டியிலிருக்கும் மூல ஏடு கெட்டுப்போவதில்லை. அந்த மூலத்திலிருந்து மகளுக்குச் சென்ற படியும் கெட்டுப்போவதில்லை. பிறவியிலேயே வழிவழியாக இறங்கும் ஜீன் மாற்றங்களும் உலகில் உண்டு. நுரையீரற் புற்றுநோயில் அவை மிக அரியவை. அவ்வாறு ஐயம் தோன்றினால் டாக்டர்கள் இரத்தத்தைத் தனியே எடுத்துச் சோதிப்பார்கள். கட்டியைச் சோதித்த அறிக்கையை வைத்துக் குலத்துக்குக் குறை சொல்லுவது பொருந்தாது.

புகை பிடிக்காதவருக்கு இந்நோய் எப்படி வந்தது என்று மாமா கேட்டார். 2023ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள பிரான்சிஸ் கிரிக் ஆராய்ச்சி நிலையத்தினர் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். 295 பேருடைய நோயற்ற நுரையீரல் திசுவை நுணுகிப் பார்த்தபோது, நூற்றில் 18 மாதிரிகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். பிழையும், 53 மாதிரிகளில் கே-ராஸ் என்ற மற்றொரு ஜீனின் பிழையும் முன்பே இருந்தன. ஆயினும் அவை உறங்கிக் கிடந்தன. காற்றிலுள்ள நுண்ணிய தூசு நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும்போது, அத்தகைய அணுக்கள் விழித்துப் பெருகத் தொடங்குகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். அத்தையின் நோய்க்கு இன்னதே காரணம் என்று எவராலும் அறுதியிட முடியாது. குலத்தில் காரணம் தேடுவதைவிடக் காற்றில் தேடுவது நியாயம் என்றே மாமாவிடம் சொன்னோம்.

இனி, அறுவைச் சிகிச்சையால் கட்டியை முழுவதும் எடுத்த பின்னர் அதன் ஜீனைப் பற்றிய கவலை எதற்கு என்ற வினாவுக்கு வருவோம். இதற்கு விடை காணப் பழைய வரலாறு ஒன்றைக் கேட்பது நலம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், ஜேம்ஸ் கில்மோர் என்னும் நோயாளியின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அமர்வில் அகற்றினார். புற்றுநோய்க்காக அவ்விதம் அகற்றி நோயாளி பிழைத்தது அதுவே முதன்முறை. கில்மோரும் ஒரு டாக்டரே. அதன்பின் அவர் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து 1963இல் காலமானார். அவரைக் காப்பாற்றிய கிரஹாம், 1957இல், அதே நுரையீரற் புற்றுநோயால் இறந்தார். கண்டறிந்தபோது நோய் இரண்டு பக்கமும் பரவியிருந்தது. நோயின் பெயர் ஒன்றாயினும் அது இருவரிடத்தும் நடந்துகொண்ட விதம் வேறு. ஏன் வேறு என்பதற்கு விடை காண விஞ்ஞானம் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது.

முதற்கண் நோயின் நிலையை நோக்க வேண்டும். இன்றும் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது அதுவே. உலக நாடுகளிலிருந்து திரட்டி 2016இல் வெளியான கணக்கின்படி, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத, எங்கும் பரவாத கட்டியுடைய நூறு பேரில் 92 பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர். மூன்றாம் நிலையின் முதற்பிரிவில் 36 பேரே இருந்தனர். அறுவைக் கத்தி கண்ணுக்குத் தெரிவதைத்தான் அகற்றும். அதற்கு முன்பே சில அணுக்கள் இரத்தத்தோடு ஓடி, எலும்பிலோ மூளையிலோ ஈரலிலோ ஒளிந்திருக்கக்கூடும். நெல்லை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் வயலில் சில மணிகள் சிந்திக் கிடப்பது போன்றது அது. அவற்றை அழிப்பதற்காகவே அறுவைக்குப் பின் மருந்து ஊசி ஏற்றுகிறார்கள். ஐந்து பெரிய ஆய்வுகளில் கலந்துகொண்ட 4,584 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து 2008இல் கணக்கிட்டபோது, அவ்வூசியினால் ஐந்தாண்டு முடிவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர் கூடுதலாகப் பிழைத்தனர் என்று தெரிந்தது. பயன் உண்மை, ஆனால் சிறிது.

ஜீனைப் பற்றிய அறிவு இங்கேதான் துணைக்கு வருகிறது. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மூன்று குழுவினர் ஈ.ஜி.எஃப்.ஆர். பிழையைத் தனித்தனியே கண்டுபிடித்தனர். அப்பிழை உள்ள புற்று சில மாத்திரைகளுக்கு வியக்கத்தக்க வகையில் அடங்குகிறது என்பதே அந்தக் கண்டுபிடிப்பு. கூவிக்கொண்டிருக்கும் காவலனின் வாயில் துணியை அடைப்பது போன்ற வேலையை அம்மாத்திரைகள் செய்கின்றன. இந்தியாவில் நுரையீரலின் சுரப்பிவகைப் புற்று உடையோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இப்பிழை காணப்படுகிறது. மேலைநாட்டாரைவிட இது மிகுதி; கிழக்காசியரைவிடக் குறைவு.

முற்றிய நோய்க்கு உதவிய மாத்திரை, அறுவைக்குப் பிறகு ஒளிந்திருக்கும் அணுக்களுக்கும் உதவுமா? சீன நாட்டில் 222 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பகுதியினருக்கு ஜெஃபிடினிப் என்ற மாத்திரையை இரண்டாண்டு கொடுத்துப் பார்த்தார்கள். ஊசி பெற்றவர்களைவிட மாத்திரை பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது தள்ளிப்போயிற்று. ஆனால் மொத்த ஆயுளைக் கணக்கிட்டபோது உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. நோயைத் தள்ளிப்போடுவது வேறு, வெல்லுவது வேறு என்பதற்கு இது சான்று. அதன்பின் ஒசிமெர்டினிப் என்ற புதிய மாத்திரையைக் கொண்டு பல நாடுகளில் 682 நோயாளிகளிடம் அடோரா என்ற பெயரில் ஆய்வு நடைபெற்றது. அனைவரும் கட்டியை முழுமையாக அகற்றியவர்கள், அனைவருக்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். பிழை இருந்தது. பாதிப் பேருக்கு மூன்றாண்டுக் காலம் மாத்திரை. மற்றவர்களுக்கு மருந்தில்லா வெறும் மாத்திரை. 2023இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டுக்குப் பின் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 88 பேரும், இரண்டாவது கூட்டத்தில் 78 பேரும் உயிரோடிருந்தனர். இரண்டாம் நிலையினரையும் மூன்றாம் நிலையின் முதற்பிரிவினரையும் மட்டும் சேர்த்துப் பார்த்தால் முறையே 85, 73.

ஏ.எல்.கே. என்பது வேறொரு ஜீன். அது முறிந்து மற்றொரு ஜீனோடு ஒட்டிக்கொள்வதால் வரும் புற்றை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2007இல் கண்டனர். அத்தகைய புற்றை அறுத்தெடுத்த பின் அலெக்டினிப் என்ற மாத்திரை பெற்றவர்களில், இரண்டாண்டு முடிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 94 பேர் நோய் திரும்பாமல் இருந்தனர்; ஊசி மட்டும் பெற்றவர்களில் 63 பேர். இது 2024இல் வெளியான செய்தி. கே-ராஸ் பிழைக்கோ நெடுங்காலம் மருந்தே இல்லை. 2021இல்தான் அதன் ஒரு வகைக்கு, அதுவும் முற்றிய நோய்க்கு, முதல் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எல்லா ஜீன் மாற்றமும் நற்செய்தி கொண்டுவருவதில்லை என்பதையும் மறைக்கலாகாது. டீ.பி.53 என்னும் ஜீன், படி எடுக்கும்போது நேரும் பிழைகளைக் கண்டு அணுவை நிறுத்தும் மேற்பார்வையாளர் போன்றது. அதுவும் பழுதுற்றால், பொதுவாக நோயின் போக்கு கடுமையாகிறது. பிரிட்டனில் 2014இல் தொடங்கிய டிரேசர்-எக்ஸ் என்ற ஆய்வில், அறுவைச் சிகிச்சை பெற்றவர்களின் கட்டிகளைப் பல துண்டுகளாக்கிச் சோதித்தார்கள். ஒரே கட்டியின் இரு துண்டுகளில் ஏடு வெவ்வேறாக இருந்தது. எழுத்துப் பிழைகளின் எண்ணிக்கையைவிட, அத்தியாயங்களே இடம் மாறியும் மிகுந்தும் குறைந்தும் ஏடு எவ்வளவு குலைந்திருக்கிறது என்பதே நோய் திரும்புவதோடு தொடர்புடையது என்று முதல் நூறு நோயாளிகளைப் பற்றிய 2017ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. ஆகவே ஒரு பிழையின் பெயரை மட்டும் வைத்து ஒருவருடைய ஆயுளை எழுதிவிட முடியாது.

இவ்வளவையும் நம்மாலியன்றவரை எளிமைப்படுத்தி மாமாவிடம் சொன்னோம். அத்தை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாம் முடித்ததும் மருந்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “அப்பம் இது எனக்க அம்மை எனக்குத் தந்த தீனம் இல்லியா மக்களே? எனக்க பிள்ளைக்கு நான் குடுத்ததும் இல்லியா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றோம். அவர் உள்ளே போய்ப் பெட்டிச் சாவியை எடுத்துவந்து மாமாவின் கையில் கொடுத்தார்.

மறுவாரமே அறிக்கை டாக்டரிடம் சென்றது. அதற்காகவே அவர்கள் காத்திருந்தார்களாம். ஆறு வாரத் தாமதத்தால் கேடு விளைந்ததா என்று கேட்டோம். சொல்ல இயலாது என்றார் டாக்டர். அந்த விடையோடு நாம் வாழத்தான் வேண்டும். மாத்திரை தொடங்கியது. விலை மிகுதி; மாமா ரப்பர்த் தோட்டத்தில் ஒரு துண்டை ஒற்றி வைத்தார். 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்து மத்திய வரவு செலவுத் திட்டத்தில் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரி நீக்கப்பட்டது. அவற்றுள் ஒசிமெர்டினிப்பும் ஒன்று. அலுவலகத்தில் அந்தச் செய்தி கண்ணில் பட்டபோது, மருந்தின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தோம். அவ்வளவு கவனத்தை அத்தைக்கு எழுதிய நாலு வரியில் காட்டியிருக்கலாம்.

அத்தையின் நகங்கள் சில சமயம் வெடிக்கின்றன. வயிறும் அவ்வப்போது தொல்லை தருகிறது. மூன்றாண்டுக் கணக்கில் பாதியைக் கடந்துவிட்டார். ஒருநாள் தொலைபேசியில், “இன்னும் எத்தர வருசம்ணு உனக்க கணக்கில இருக்கு மக்களே?” என்றார். 85, 73 என்ற எண்கள் நாவின் நுனி வரை வந்தன. ஆனால் அவை நூறு பேரைப் பற்றிய எண்கள். அத்தையைப் பற்றியவை அல்ல. மாத்திரை பெறாமலே பிழைத்தவர் பலர். பெற்றும் பிழைக்காதவர் சிலர். எந்த வழியில் போனால் சேருவோர் தொகை அதிகம் என்பதை அக்கணக்கு காட்டும். இன்னார் சேருவார் என்று அது ஜாதகம் கணிப்பதில்லை. இதைத்தான் சொன்னோம். “அப்பம் நடந்து பாப்போம்” என்றார் அத்தை.

நேயர்களே, இதுபோன்ற காகிதம் நாளை உங்கள் கைக்கும் வரலாம். அப்போது நினைவிற் கொள்ளத்தக்க சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். நுரையீரற் கட்டியை அகற்றிய பின், அது எவ்வகைப் புற்று, எந்த நிலை, அதில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. சோதனைகள் செய்யப்பட்டனவா என்று டாக்டரிடம் கேளுங்கள். மிகச் சிறிய, பரவாத கட்டிக்கு அறுவைக்குப் பின் மாத்திரை வேண்டியிராது. அதனையும் அவரே சொல்லுவார். எடுத்த கட்டியை மெழுகில் பதித்து ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள்; முன்பு சோதிக்காவிட்டால் அதிலிருந்து பின்னரும் சோதிக்க முடியும். தொலைவு பற்றி மலைக்க வேண்டாம். எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள நம் மக்களுக்கு, 1981இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. சென்னையில் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் 1954 முதலும், மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1941 முதலும் பணியாற்றி வருகின்றன. நீங்கள் வாழும் ஊர்களில் வேறு பலவும் இருக்கக்கூடும்.

அறிக்கையைத் தமிழில் சொல்லும்படி வீட்டார் கேட்டால், ‘மரபணு’ என்ற சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். ‘கட்டியில் மட்டும் உள்ள எழுத்துப் பிழை, பிறவியில் வந்ததன்று, பிள்ளைகளுக்குப் போவதன்று’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். பிறவியிலும் வந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால், அதை டாக்டரிடமே கேட்டு அறியுங்கள். நீளம் சற்று மிகும், பரவாயில்லை. நாமும் இப்பொழுது அப்படித்தான் எழுதுகிறோம்.

அத்தை மகளுக்கு மார்த்தாண்டத்து இடம் அமையவில்லை. அது வேறு காரணத்தால். சென்ற தை மாதம் நெய்யாற்றின்கரையில் வேறிடத்தில் திருமணம் நடந்தேறியது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அறிக்கையை மறைக்கவில்லை. மாமாவே அதை எடுத்துக் காட்டி, தாமே அதற்குப் பொருளும் சொன்னார்.